சீட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில்

1

நெதர்லாந்துக்கு வந்து பதினாறு வருடம் முடிந்த அன்று என் மனைவி எஸ்தர் கேசரி கிண்டினாள். முந்திரி போட்டால் மகள் ரேச்சல் பொறுக்கி ஒதுக்கிவிடுவாள் என்பதால் போடவில்லை. முந்திரி இல்லாத கேசரியைத் தின்றுவிட்டு டிராம் பிடித்து அலுவலகம் போனேன்.

வருடா வருடம் அந்தத் தேதியில் எனக்கு எரிச்சல் வரும். வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் என் குடும்பப் பெயர் எது என்று கேட்டு மூன்று மாதம் அலையவிட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. கடைசியில் அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கி அட்டை கொடுத்தார்கள். பல் டாக்டர் முதல் வரி அலுவலகம் வரை இன்றும் என்னைத் 'திரு. தங்கையா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தங்கையா என் அப்பா. நான் ஜெபராஜ், சொந்த ஊர் பாளையங்கோட்டை.

ரோட்டர்டாமில் ஒரு கம்பெனியில் வேலை. தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் போடும் கையுறை, மேலங்கி எல்லாம் எங்கள் கம்பெனி விற்கிறது. தைப்பது ஆசியாவில். தைக்கும் ஆலைகளில் தொழிலாளர்களைச் சட்டப்படி நடத்துகிறார்களா என்று பார்க்கும் பிரிவில் நான் இருக்கிறேன். ஊரில் யாராவது கேட்டால், "இன்ஸ்பெக்டர் மாதிரி" என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் நான் பார்ப்பது ஆலையை அல்ல, படிவத்தை.

அன்று மேசையில் ஒரு புகார் இருந்தது. இத்தனை வருடமும் வியட்நாம், வங்கதேசம், திருப்பூர் என்றுதான் கோப்புகள் வரும். இது எங்கள் மாவட்டத்திலேயே, கங்கைகொண்டானுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு கையுறை ஆலையிலிருந்து வந்திருந்தது. அங்குள்ள தொழிலாளர் கமிட்டியின் பெயரில், முப்பிடாதி என்ற பெண் அனுப்பியிருந்தார். பேக்கிங் கூடத்தின் பின்கதவை வேலை நேரத்தில் வெளியே பூட்டி வைக்கிறார்கள், தீப்பிடித்தால் தப்ப வழியில்லை. கேட்கப் போனவரைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்துவிட்டார்கள். இவ்வளவுதான் புகார்.

முப்பிடாதி என்ற பெயரை டச்சு எழுத்தில் தட்டச்சு செய்யும்போது எனக்கு விரல் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே மூன்று முப்பிடாதிகள் இருந்தார்கள்.

படிவத்தின் ஏழாவது கேள்வி இது: 'கமிட்டிப் பிரதிநிதி ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவரா? ஆம் / இல்லை.' இல்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியதில்லை.

2

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜெனீவாவில் உலக நாடுகளின் அரசுகளும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, வேலை பார்ப்பவருக்கு என்னென்ன உரிமை என்று எழுதுவார்கள். ஒரு சொல்லுக்காக நாள் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். பிறகு வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அது உலகத் தரம். அதன் பிறகு ஒவ்வொரு நாடும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொள்ளாத நாடுகளில் வியாபாரம் செய்யும் எங்களைப் போன்ற கம்பெனிகள், வாடிக்கையாளர் முகம் சுளிக்கக் கூடாதே என்று அந்த வாசகங்களை எடுத்து, கொஞ்சம் வெட்டி ஒட்டி, தங்கள் விதிப்புத்தகமாக்கிக்கொள்ளும். அது ஆலைக்குப் போகும். ஆலையில் அதைச் சுவரில் ஒட்டுவார்கள், பெரும்பாலும் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மேலே.

எங்கள் விதிப்புத்தகத்தை எழுதியபோது ஐந்து பேர் உட்கார்ந்தோம். முதல் வரைவில், 'தொழிலாளர்கள் யாருடைய தலையீடும் இல்லாமல் தாங்களே தேர்ந்துகொண்ட பிரதிநிதி' என்றுதான் இருந்தது. கை தூக்கியது நான்தான். இது போதாது, 'ரகசிய வாக்கெடுப்பில்' என்று சேர்க்க வேண்டும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அப்பா தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன நூற்பாலையில் வேலை பார்த்தார். இப்போது அந்த ஆலை இல்லை. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அவருக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். ஆலை வாசலில் கூட்டம். இரவு ஷிஃப்டைக் கூட்டுவதற்கு எல்லோருக்கும் சம்மதமா, சம்மதம் இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று மேஸ்திரி ஒரு நாற்காலியில் ஏறி நின்று கேட்டார். அப்பாவின் கை தோள் வரைக்கும் போனது. மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அப்பா அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டு கீழே போட்டுவிட்டார். நான் தூக்குவாளியுடன் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பார்த்தது அவருக்கும் தெரியும். சாகும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அதனால்தான் ரகசியம் வேண்டும் என்றேன். ஐந்து பேரும் ஒத்துக்கொண்டார்கள். பிரிவுத் தலைவி ஹன்னா, நல்ல திருத்தம் என்று பாராட்டினார். அன்று சாயங்காலம் டிராமில் நான் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன். இந்த நாட்டில் நான் உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

முப்பிடாதியுடன் வீடியோவில் பேசினேன். முப்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் காலண்டர் தொங்கும் ஓர் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளக்காரவ பேசுவாவன்னுல்லா நெனச்சேன். நீங்க தமிழா அண்ணாச்சி?"

"பாளையங்கோட்டைம்மா."

"அப்பம் நம்ம ஊருதான்" என்றவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

கதவைப் பற்றிக் கேட்டேன். "பேக்கிங் ஹால்ல நூறு பேரு நிக்கோம். முன்வாசல் ஒண்ணுதான். பின்வாசலுக்கு வெளிப்பக்கம் பூட்டு. கையுறைய தூக்கிட்டு ஓடிருவோமாம். போன மாசம் சுவிட்சு போர்டுல இருந்து பொகை வந்துச்சு. அம்புட்டுப் பேரும் பின்வாசலுக்கு ஓடி, அங்கன நின்னு கதவ அடிச்சோம். யாரும் தெறக்கல. பொகை அதுவா அடங்கிட்டு, பொழச்சோம். மறுநா நான் போயி பூட்ட எடுங்கன்னேன். சாயங்காலம் சஸ்பெண்டுன்னு தாள நீட்டுதாவ."

படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ஏழாவது கேள்வியைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். "கமிட்டிக்கு ஒங்கள எப்படி எடுத்தாவ?"

"திருவுளச்சீட்டு போட்டோம்."

படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தைப் பார்த்தேன். "ஓட்டுப் போடலையா?"

"ஓட்டா? அதுக்கு சும்மா இருந்திரலாமே அண்ணாச்சி. கம்பெனிக்கு அஞ்சு பஸ்ஸு ஓடுது. அஞ்சும் அஞ்சு பக்கத்துல இருந்து வருது, ஒவ்வொரு பஸ்லயும் ஒவ்வொரு ஆளுவ. ஒங்களுக்குத் தெரியாததா. ஓட்டுன்னு வச்சா எந்த பஸ்ஸுல ஆளு கூடுதலோ அதுதான் செயிக்கும். மறுநா தோத்த பஸ்ஸுக்காரி செயிச்சவ பக்கத்துல உக்காந்து சாப்பிடுவாளா? ஊருக்குள்ள ஆம்பளைய வேற நடுவுல வந்து நிப்பாவ. அதான், எல்லார் டோக்கன் நம்பரையும் எழுதி சுருட்டி அட்டப்பெட்டியில போட்டு, பிள்ளையளப் பாத்துக்கிடுத ரூம்புல இருந்த மூணு வயசுப் பிள்ளைய எடுக்கச் சொன்னோம். எங்கம்பெனியில எல்லாம் நம்பர்தான். இருநூத்திப் பதினாலு வந்துச்சு. அது நானு."

"ஒங்களுக்கு இஷ்டமா?"

"நல்லாக் கேட்டிய. ரெண்டு நா சோறு எறங்கல. ஆனா சீட்டுல வந்த பெறவு மாட்டேன்னு சொல்ல முடியுமா? வீட்லயும் அதத்தான் சொன்னேன். நானா ஆசப்பட்டு நிக்கல, வந்துட்டுன்னு. அவியளும் பைய சரின்னுட்டாவ. அஞ்சு பஸ்ஸுக்காரியும் எஞ்சொல்லக் கேக்கா. எவளும் எங்கிட்ட தோக்கலல்லா."

எங்கள் பக்கத்தில் கோயில் காரியமானாலும் சரி, சர்ச் காரியமானாலும் சரி, சண்டை வரும் என்று தெரிந்தால் சீட்டுப் போட்டுவிடுவார்கள். சீட்டில் வந்தவனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவனும் தலைக்கனம் பிடித்து ஆட முடியாது. இதெல்லாம் தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, ஐந்து பேர் நடுவில் உட்கார்ந்து விதி எழுதியபோது ஒரு நொடிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்பாவின் கை மட்டும்தான் ஞாபகம் வந்தது.

4

இந்தப் புகாரைப் பற்றி எங்கள் பிரிவில் நடந்த கூட்டத்தில் நான் நிறையப் பேசினேன். அதுதான் கெட்டுப்போயிற்று. கதவைப் பூட்டுவதே இல்லை என்று காட்ட, திறந்த கதவின் புகைப்படம் ஒன்றை ஆலை நிர்வாகம் அனுப்பியிருந்தது. வழக்கமான ஆய்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. முறையான கமிட்டியின் புகார் என்றால்தான் உடனே ஆள் அனுப்ப முடியும். பிரதிநிதி முறையானவர் என்றால்தான் அவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்ற பாதுகாப்பும் உண்டு. எல்லாம் ஏழாவது கேள்வியில் தொங்கியது.

வேகத்தில், "நம்ம பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள்" என்பதை அப்படியே டச்சில் சொல்லிவிட்டேன். ஹன்னா பேனாவைக் கீழே வைத்தார். "உங்கள் பிள்ளைகளா? அந்த ஆலையில் உங்கள் உறவினர்கள் இருக்கிறார்களா, ஜெபராஜ்?"

இல்லை, எங்கள் ஊரில் அப்படிச் சொல்வது வழக்கம் என்று விளக்கினேன். விளக்க விளக்க மோசமாயிற்று. பக்கச்சார்பு உள்ளவர்கள் நிரப்ப வேண்டிய நான்கு பக்கப் படிவம் ஒன்று இருக்கிறது. அதை என் கையில் கொடுத்தார்கள். 'சம்பந்தப்பட்ட இடத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு' என்ற இடத்தில் 'பிறந்த மண்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'சொந்த மாவட்டம்' என்று எழுதினேன். கோப்பு என்னுடன் வேலை பார்க்கும் யோஸ்ட்டுக்குப் போயிற்று. நான் இனி மொழிபெயர்ப்பாளன் மட்டும். எழுதியிருப்பதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் டச்சில் தர வேண்டும்.

முடிவு: கமிட்டி செல்லாது. நான்கு வாரத்துக்குள் ஆலை ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, எல்லா வாக்குச்சீட்டுகளின் நகலையும் அனுப்ப வேண்டும். நிர்வாகம் தன் பதிலில், தற்காலிக நீக்கத்தில் இருப்பவர் வேட்பாளராக நிற்க முடியாது என்று ஒரு வரி சேர்த்திருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை.

நான் வெளியே வரும்போது ஹன்னா சொன்னார், "எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வாசகம் நீங்கள் சேர்த்தது." குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

முப்பிடாதியைத் தொலைபேசியில் கூப்பிட்டு முடிவைத் தமிழில் சொன்னேன். "அப்பம் நாங்க நேர்மையாப் பண்ணுனது தப்பு. அவிய பூட்டிப் போட்டது தப்பில்ல. அப்படித்தான அண்ணாச்சி?" நான் கோப்பில் இல்லை, கருத்துச் சொல்லக் கூடாது என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது. "சரி, வைக்கேன்" என்று வைத்துவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் எஸ்தரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். ரேச்சல் காதில் வாங்காத மாதிரி தின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. தமிழ் புரியும், பேசமாட்டாள். டச்சில் என்னை ஒருமையில்தான் கூப்பிடுவாள். அந்த மொழியில் அது மரியாதைக் குறைவில்லை என்று தெரிந்தும் இத்தனை வருடத்தில் எனக்குப் பழகவில்லை. நான் எங்கள் அப்பாவிடம் பேசத் தயங்கியதையெல்லாம் அவள் என்னிடம் சர்வசாதாரணமாகப் பேசுவாள்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் கேட்டாள், "அந்த விதியை எழுதும்போது அவர்களில் யாரையாவது நீ கேட்டாயா?"

"அதெல்லாம் பெரிய கூட்டம். நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதினோம்."

"கேட்டாயா, இல்லையா?"

எஸ்தர் அவளை அதட்டினாள். "அப்பாகிட்ட இப்படியா பேசுவ?" ரேச்சல் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். நான் ஜெனீவாவைப் பற்றியும் மூன்றில் இரண்டு பங்கைப் பற்றியும் எஸ்தரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதில் அக்கறை இல்லை. எனக்கும் இல்லை.

5

நான்காவது வாரம் வாக்குச்சீட்டுகள் வந்தன. வருவதற்குள் நான் இரண்டு முறை தொலைபேசியை எடுத்து முப்பிடாதியின் எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்திருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போகும். அது போகட்டும் என்றால், வெளியாள் தூண்டிவிட்டான் என்று அவர்கள் புகாரும் சேர்ந்து போகும். அந்த நாட்களில் நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை.

நிர்வாகத்தின் முடிவுத்தாள் மேலே இருந்தது. பதிவான வாக்குகள் இருநூற்று முப்பது. வேட்பாளர்கள் மூன்று பேர், மூவரும் மேற்பார்வையாளர்கள் சிபாரிசு செய்தவர்கள். செல்லுபடியான வாக்குகள் முப்பத்து நான்கு. செல்லாதவை நூற்றுத் தொண்ணூற்றாறு. இருபது வாக்கு வாங்கியவர் தேர்ந்தெடுக்கப்பட்டதாக எழுதியிருந்தது.

செல்லாத சீட்டுகளைத் திறந்தேன். மூன்று டோக்கன் எண்கள் அச்சாகியிருந்தன. மூன்றின் மேலும் ஒரு கோடு. கீழே காலியாக இருந்த இடத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 214.

அடுத்த சீட்டிலும் 214. அதற்கடுத்ததிலும். பெயர் எழுதினால் கையெழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று எண்ணை மட்டும் எழுதியிருந்தார்கள். ஐந்து பஸ்ஸில் எந்த பஸ்ஸுக்காரி எதை எழுதினாள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நிர்வாகம் கேட்டது, கம்பெனி கேட்டது, நான் கேட்டது, எல்லாவற்றையும் செய்திருந்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

யோஸ்ட் கேட்டிருந்தது முடிவுத்தாளின் மொழிபெயர்ப்பை மட்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கான விதியை எடுத்துப் படித்தேன். கோப்பில் உள்ள எல்லாத் தாள்களிலும் கையால் எழுதப்பட்ட அனைத்தையும் தர வேண்டும் என்று இருந்தது. நல்ல விதி. உட்கார்ந்து செய்தேன். சீட்டுக்கு ஒரு வரி. சீட்டு ஒன்று: கையால் எழுதப்பட்டது, 214. சீட்டு இரண்டு: கையால் எழுதப்பட்டது, 214. மூன்று சீட்டுகளில் ஒன்றும் இல்லை. அவற்றுக்கு 'எதுவும் எழுதப்படவில்லை' என்று எழுதினேன். நகல் எடுத்து ஒட்டவில்லை. ஒவ்வொரு எண்ணையும் விரலால் தட்டினேன். முடிக்க மத்தியானம் வரை ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று என் பெயரைப் போட்டு யோஸ்ட்டின் மேசையில் வைத்தேன்.

6

மறுநாள் காலை யோஸ்ட் அந்தத் தாள்களுடன் என்னிடம் வந்தார். கண்டிப்பான மனிதர், சிரிக்கமாட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இருநூற்றுப் பதினான்கு என்பது யார்?"

"அதை நான் சொல்லக் கூடாது. நான் மொழிபெயர்ப்பாளன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் திமிராகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். கொஞ்சம் திமிர்தான். "அவர்களைக் கேளுங்கள்" என்றேன்.

"கேட்கிறேன். நீங்கள் மொழிபெயருங்கள்."

இத்தனை வருடத்தில் எங்கள் பிரிவிலிருந்து யாரும் ஓர் ஆலையின் தொழிலாளர்களை நேரே கூப்பிட்டுக் கேள்வி கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று விதி இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். புகாரில் இன்னொரு பெண்ணின் கைபேசி எண்ணும் இருந்தது. அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். திரையில் முதலில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி தெரிந்தது, பிறகு பத்துப் பன்னிரண்டு முகங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன.

யோஸ்ட் டச்சில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "இருநூத்திப் பதினாலுன்னு எழுதியிருக்கியளே, அது யாரு?"

யாருக்கோ பயந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்பாவின் ஆலை வாசல் நாற்காலியும் அதில் ஏறி நின்ற மேஸ்திரியும் நெஞ்சுக்குள் வந்து போனார்கள். பின்னால் நின்ற வயதான பெண்மணி ஒருவர் மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"முப்பிடாதி. ஏன், அந்த அய்யாவுக்கு இன்னுமா தெரியல?"

"அவங்க இப்ப எங்க இருக்காவன்னு கேக்காரு."

"எங்க இருப்பா? கேட்டுக்கு வெளிய நிக்கா. தெனம் டவுன் பஸ்ஸப் பிடிச்சு காலைல வந்து நிக்கா, சாயங்காலம் வரைக்கும். வேலைக்கு வராம நின்னுட்டான்னு எழுதிரக் கூடாதுல்லா. நாங்க சாப்பாடு குடுக்கப் போனா செக்யூரிட்டி வெரட்டுதான்." அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார். "ஒங்க ரூல்படி ஓட்டும் போட்டாச்சு. இனியாச்சும் அவள உள்ள விடச் சொல்லு அய்யா."

யோஸ்ட் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அத்தனையையும் டச்சில் சொன்னேன்.

அவர் கையிலிருந்த தாள்களை என் மேசையில் வைத்துவிட்டு, ஆலை மேலாளரின் எண்ணைக் கேட்டார். திரையில் இருந்த பெண்களைப் போக வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

"நில்லுங்கம்மா" என்றேன்.

"நாங்க எங்கயும் போகல" என்றார் அந்த அம்மா.